கீரைக் கொல்லைக்கு வந்த டிரம்

திருத்தணி
28.6.1999

அக்காவுக்கு,

தணிகாசலம் எழுதுவது. நலம் விசாரிக்கிற வரியை விட்டுவிடுகிறேன்.

அரக்கோணம் பிளாட்பாரத்தில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "நீ மட்டும் மெட்ராசுக்கு வந்தியானா, எம் புருசன, உம் பாவாவ, வார்டுல உட்டுட்டு நான் எங்கியாவது போயிடுவேன்" என்றாய். செய்கிறவள்தான் நீ. அதனால் வரவில்லை. எழுதக்கூடாது என்று நீ சொல்லவில்லை, ஆகவே எழுதுகிறேன். வியாசர்பாடி மனோரமா சித்தி வீட்டு விலாசத்துக்குப் போடுகிறேன். குளிக்க அங்கே போகும்போது வாங்கிக்கொள்.

வீட்டுச் செய்தி முதலில். மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டியிருக்கிறேன், பால் குறையவில்லை. கீரைக் கொல்லையைச் சுற்றி முள் வெட்டிப்போட்டு அடைத்துவிட்டேன். யாரும் இறங்க முடியாது. கீரை முற்றிப் பூத்துவிட்டது. பூக்கட்டும்.

அடுத்து, என் எருதான் பாவாவைப் படுக்கையில் தள்ளியது என்று நீ என்மேல் வைத்த பழி. நான் மலைப்படியில் கூடை தூக்கிப் பிழைத்து, பிறகு காய்கறி மண்டி வைத்தவன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. ஏற்பாடு என்னுடையதுதான். டாக்டர் சாமிநாதன் மலையடியில் ஆஸ்பத்திரி கட்டியபோது அங்கே சமையலறையே கிடையாது. வயிற்றுப்புண்காரனுக்கு அவன் பெண்டாட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து பரோட்டா வாங்கிவந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். என் கண்ணால் பார்த்தேன். "சமையலை என்கிட்ட உடுங்க டாக்டர், மருந்தடிக்காத காய் நம்ம ஊர் கொல்லைங்கள்ள இருந்து தினம் வரும். காய்த்தோல், சாப்பிட்ட தையல் இலை, எல்லாத்தையும் அதே டெம்போல திருப்பி அனுப்புவோம், எருக்குழிக்கு ஆவும்" என்றேன். அவருக்குக் குப்பை அள்ளும் தொல்லை விட்டது. உங்களுக்கு உரம் வாங்கும் தொல்லை விட்டது. எனக்கு லாபம் இருந்தது, மறைக்கவில்லை. கேழ்வரகுக் கஞ்சி குடித்துச் சர்க்கரை இறங்கிப்போனவர்கள், வீட்டுக்குப் போன பிறகும் மண்டியைத் தேடி வந்து அதே கேழ்வரகைக் கேட்டார்கள். இது பொய்யில்லை என்று உனக்கும் தெரியும்.

பங்குனியில் குழியைத் திறந்து எரு இறைத்த அன்று நானும் வரப்பில் நின்றேன். செருப்பு போட்டுக்கொண்டு இறங்கச் சொன்னேன். பாவா சிரித்தார். "நோயாளி துன்னுற கீரைடா. செருப்புக்காலோட எறங்குவனா?" என்றார். கொஞ்ச நேரத்தில் குதிகாலைத் தூக்கிப் பார்த்து, எதையோ பிடுங்கி எறிந்துவிட்டு, திரும்பவும் இறைக்க ஆரம்பித்தார். முள் என்றுதான் நினைத்தோம்.

பிறகு நானே போய்த் தேடினேன். முள்ளில்லை. ஊசி.

சமையலறைக் கழிவுக்கு ஒரு டிரம், வார்டுக் கழிவுக்கு வேறு டிரம். வார்டு டிரம் என் டெம்போவில் ஏறவே கூடாது. அதுதான் பேச்சு. எப்படி ஏறியது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாற்றுப் புடவை, பாவாவுக்கு இரண்டு லுங்கி அனுப்பியிருக்கிறேன்.

தணிகாசலம்


சென்னை
2.7.1999

தம்பி தணிகாசலத்துக்கு,

லுங்கி வந்தது. அவருக்கு இடுப்பில் கட்ட முடியவில்லை. வயிறு அவ்வளவு உப்பியிருக்கிறது. போர்த்திவிட்டிருக்கிறேன்.

நீ மாட்டுப் பாலைப் பற்றி எழுதுகிறாய். உனக்கு எப்படிக் கை வருகிறது?

இங்கே பெரிய டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தம் ஏற்றினீர்களா, எங்கேயாவது ஊசி போட்டுக்கொண்டீர்களா, பச்சை குத்தினீர்களா. இவர் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினார். "எங்க ஊட்ல தலைவலி மாத்திர கூட முழுங்கமாட்டாருங்க" என்று நானும் பெருமையாகச் சொன்னேன். கடைசியில் இவர்தான் காலைத் தூக்கிக் காட்டினார். எருவிலே ஆஸ்பத்திரி ஊசி எப்படி வரும் என்று டாக்டர் கேட்டார். என் தம்பி அனுப்பிய எரு என்று சொல்ல வாய் வரவில்லை.

கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். உப்பில்லாமல் சமைத்தேன். நம் வீட்டில் யாருக்கு மஞ்சள் காமாலை வந்தாலும் அதுதானே செய்வோம். அதற்கும் திட்டு வாங்கினேன். "ஏம்மா இத்தினி நாள் ஊட்லயே வெச்சிகினு இருந்த?" என்றாள் அந்த நர்சம்மா. இது ரத்தம் வழியாக வருகிற காமாலையாம். கல்லீரலைத் தின்கிறதாம். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு வந்து தொலைத்திருக்கலாம்.

ராத்திரியானால் பேச்சு குழம்புகிறது. பக்கத்துப் படுக்கைக்காரரைப் பிடித்து, "அரைக்கீரைய விடியறதுக்குள்ள அறுத்துடணும், டெம்போ வந்துகினு இருக்குது" என்கிறார். அந்த மனுஷன் நல்லவர். "ஆங், அறுத்துடலாம்" என்கிறார்.

ஊசி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவேண்டும். லாப நஷ்டம் வேண்டாம், மாடு வேண்டாம். அதை மட்டும் எழுது. தெரியாவிட்டால் எழுதாதே.

சுலோச்சனா


திருத்தணி
7.7.1999

அக்காவுக்கு,

தெரிந்துவிட்டது. கேட்டால் உனக்குக் கோபம் வருமா, சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் வரவில்லை.

வார்டு ஆயா தமயந்தியை உனக்குத் தெரியும். ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவள். அவளைச் சமையலறைக்குப் பின்னால் கூப்பிட்டு உட்காரவைத்து, டிரம் எப்போது மாறியது என்று கேட்டேன். அவளுக்கு மறைக்க ஒன்றுமே இல்லை.

"டிரம்மா? ஆயுத பூஜைக்கு நான்தாண்ணே கழுவனேன். ஆபரேசன் டேபிளுக்கே சந்தனம் வெச்சோம், ஆம்புலன்சுக்கு வாழக்கன்னு கட்டனோம். பாவம், தினம் நம்ம கூட ஒழைக்கிற டிரம்முக்கு மட்டும் வெக்காம இருப்பமா? சாம்பலும் தேங்கா நாரும் போட்டு, பழைய பெயின்ட்டு மொத்தமும் போறாப்புல தேச்சி, ரெண்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சி, பொட்டு வெச்சேன். எம்மாம் அழகா இருந்திச்சி தெரியுமா?"

பச்சைப் பட்டை போட்டது சமையலறை டிரம், சிவப்புப் பட்டை போட்டது வார்டு டிரம். அந்தப் பட்டைகளைத்தான் தேய்த்திருக்கிறாள். பூஜை முடிந்து திரும்பக் கொண்டுபோய் வைத்தபோது எது எது என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் குங்குமம். வார்டில் வேலை செய்கிறவர்கள் கைக்கு எட்டியதில் போட்டிருக்கிறார்கள். என் டிரைவர் முன்னால் நின்றதைத் தூக்கி ஏற்றியிருக்கிறான். பங்குனிக் கடைசியில் புது டிரம் வாங்கும்வரை அப்படியே ஓடியிருக்கிறது. மேலே வாழை இலையும் பூசணித் தோலும் இருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? நம் குழியில் பாதி அந்தக் காலத்துச் சரக்கு.

அன்றைய பூஜைக்கு நானும் போயிருந்தேன். பொரி கடலை தின்றுகொண்டே டிரம்மைப் பார்த்து, "பளிச்சுனு கீதே" என்று சொன்னேனாம். தமயந்தி ஞாபகப்படுத்தினாள். எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

"உனக்கு ஊசி குத்துனதில்லியா?" என்று கேட்டேன். "அது குத்தாமயா? மஞ்சள் வெச்சி அழுத்திகினு போயிகினே இருப்போம்" என்று விரலைக் காட்டினாள். இங்கே ஊசியை ஒடித்துப் போட ஒரு டப்பா கிடையாது. கையுறை ஆபரேஷன் அறைக்கு மட்டும். டாக்டர் சாமிநாதன் என்னிடம் சமையலறைக்கு மார்பிள் போட்டுத் தருகிறேன் என்றவர். பின்கட்டுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் பேசப்போகிறேன். நம் கேழ்வரகை முளைகட்டி அரைத்த மாவு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அங்கே டாக்டரைக் கேட்டுவிட்டு பாவாவுக்குக் காய்ச்சிக் கொடு.

தணிகாசலம்


சென்னை
11.7.1999

தம்பிக்கு,

சிரிப்பு வரவில்லை. குங்குமம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், அதை என் புருஷன் மிதித்திருக்கிறார். யாரைத் திட்டுவது? தமயந்தியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் விரலையும் சேர்த்து எழுதிவிட்டாய்.

ஆகவே உன்னைத்தான் திட்டப்போகிறேன். நீ கிடைக்கிறாய்.

உன் மாவுப் பொட்டலத்தைப் பார்த்ததும் எரிச்சலாக வந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கென்று விளைந்த கேழ்வரகு. பிரிக்காமலேயே பக்கத்துப் படுக்கைக்காரர் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டேன். அவள் காய்ச்சிக்கொண்டு வந்தாள். வாசனை பட்டதும் இவர் கண்ணைத் திறந்தார். அன்றைக்குப் புத்தி தெளிவாக இருந்தது. "நம்ம ஆஸ்பத்திரி கஞ்சியா?" என்றார். போர்வையை இழுத்துவிட்டேன். "எனக்கு எங்க?" என்றார். வேண்டாம் என்றேன். என்னை முறைத்துப் பார்த்தார், தணிகாசலம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

"கஞ்சி மேல இன்னாடி கோவம் உனக்கு? ஊசிய பாத்து போடச் சொல்லு. கஞ்சிய நிறுத்தாதன்னு தணிகாசலத்துக்கு எழுது" என்றார்.

அந்த அம்மாள் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். நாலு வாய் குடித்தார். பிறகு வாந்தி. ரத்தம் கலந்து வந்தது.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நான் சொல்வது வேறு. அந்தச் சமையலறையை இழுத்து மூடு. ஆஸ்பத்திரியே வேண்டாம் என்பேன், அது உன் கையில் இல்லை. சமையலறை உன் கையில் இருக்கிறது. யாருக்கோ சர்க்கரை இறங்கியது என்றாயே, எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

இன்று காலை பெரிய டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் வரச்சொல்லும்மா என்றார். நல்லவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சுலோச்சனா


திருத்தணி
17.7.1999

அக்கா,

யாரும் இல்லை என்று சொன்னாயா? சொல்லிக்கொள். உன் கடிதம் கிடைத்த அன்றே அரக்கோணம் வரை வந்தேன். உன் மிரட்டலை நினைத்துக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். பாவாவைத் தனியாக விட்டுவிடுவாயோ என்ற பயம்தான். வேறு பயம் எனக்குக் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

டாக்டரிடம் பேசினேன். நீ மூடச் சொல்கிறாய், பாவா நிறுத்தாதே என்கிறார். நான் நடுவில் ஒரு பேரம் பேசிப் பார்த்தேன். வார்டுக்கு மூடியும் பூட்டும் போட்ட தனித்தனி டப்பா. ஊசியை அங்கேயே வெட்டிப்போட ஒரு கருவி. ஆயாக்களுக்குக் கையுறை, காமாலைத் தடுப்பூசி. நம் குழியையும் கொல்லையையும் ஆஸ்பத்திரி செலவில் சுத்தம் செய்து தரவேண்டும். போன வருஷம் சர்க்கார் இதற்கென்று சட்டமே போட்டிருக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தேன். அதையும் சொன்னேன்.

"தணிகாசலம், நீ கீரை வியாபாரி. சட்டம் பேசாத" என்றார்.

"பேசல டாக்டர். கேக்கறேன். எங்க பாவா சாவக் கெடக்கறாரு."

"வருத்தமாத்தான் கீது. ஆனா அந்த ஊசி இங்கேர்ந்துதான் வந்திச்சின்னு எந்தக் கோர்ட்ல நிரூபிப்ப? இனிமே எதையும் வெளிய அனுப்பப் போறதில்ல. பின்னாடி பள்ளம் தோண்டி மொத்தத்தையும் எரிச்சிடச் சொல்லிட்டேன். தீர்ந்துதா?"

ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. குளுக்கோஸ் பையும் குழாயும் கஞ்சியிலையும் ஒன்றாக. புகை மலைப்படி வழியாக ஏறுகிறது. மூச்சிரைப்புக்காரர்கள் படுத்திருக்கிற வார்டு ஜன்னல் அந்தப் பக்கம்தான். நான் அதைக் காட்டினேன். அவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

அப்போதுதான் தப்பு செய்தேன். மண்டியில் பேரம் படியாவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது போல் பாவனை செய்வோம், எதிராளி கூப்பிடுவான். அதே நினைப்பில், "அப்ப நாளையிலிருந்து அடுப்பு எரியாது" என்றேன். அவர் கூப்பிடவில்லை. "நல்லதாப் போச்சி" என்றார். ஆடி முதல் தேதிக்கு வேறு ஆளை ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார். இன்றிலிருந்து சாம்பார் பிளாஸ்டிக் பையில் கட்டி அரக்கோணத்திலிருந்து வருகிறது. பாமாயில் பூரி. சர்க்கரைக்காரனுக்கும் அதே பூரி.

நீ கேட்டபடி சமையலறை மூடியாகிவிட்டது. நான் மூடவில்லை, பிடுங்கிக்கொண்டார்கள். நமக்குக் காய் கொடுத்துக்கொண்டிருந்த கொல்லைக்காரர்கள் காலையில் மண்டி வாசலில் கூடையோடு நின்றார்கள். "வெல போவாதா அண்ணே?" என்றார்கள். மருந்தடித்த கத்தரிக்காய் பளபளப்புக்கு முன்னால் நம் காய் எங்கே விலை போகும்?

அக்கா, நான் கெஞ்சுகிறவன் இல்லை. கெஞ்சுகிறேன். ஒரு வரி போடு. வரட்டுமா?

தணிகாசலம்


கொல்லைமேட்டு வீடு
31.7.1999

தம்பிக்கு,

இரண்டு ஊரும் ஒரு டெம்போ தூரத்தில் இருக்க, தபாலில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். நேரில் பேசினால் நான் அழுதுவிடுவேன். அழுதால் நீ வென்றுவிடுவாய்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுத எனக்கு நேரம் கொடுக்காமல் அவர் போய்விட்டார். கடைசியில் கண்ணைத் திறக்கவேயில்லை. நான் உன்னை வரச்சொல்லியிருந்தால் பார்த்திருப்பாய். அது என்மேல் இருக்கட்டும்.

காரியத்தன்றைக்கு நீ பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாய். நான் வாங்கவில்லை. ஊரே பார்த்தது. நம் குலத்தில் எவளும் தன் உடன்பிறந்தவன் கோடியைத் திருப்பியதில்லை என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள். நீ தட்டோடு வெயிலில் நின்றுகொண்டே இருந்ததை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போகமாட்டாயா என்று நினைத்தேன். போய்விடுவாயோ என்றும் நினைத்தேன்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். எனக்கு டெம்போ வேண்டும்.

கொல்லையைப் பார்க்கிறேன், தணிகாசலம். மழை பெய்து மண் இறங்கிய இடத்திலெல்லாம் கண்ணாடி மருந்துக்குப்பி பளபளக்கிறது. கூலிக்கு ஒருத்தியும் வரமாட்டேன் என்கிறாள். விற்கலாமென்றால் ஊசிக்கொல்லை என்று பேர் வந்துவிட்டது. அவர் கால் வைத்த மண்ணில் நானே கால் வைக்க முடியவில்லை. இதைத் தவிர எனக்குச் சோறு போட வேறு மண் இல்லை.

குழியில் மிச்சமிருப்பதை நானே அள்ளுவேன். ஆடிக்கிருத்திகையன்று மலையடியில் ஜனம் தலைமேல் தலையாக இருக்கும்போது, அந்த ஆஸ்பத்திரி முன்வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவேன். காவடிக்காரர்கள் பார்க்கட்டும். டாக்டர் பார்க்கட்டும். போலீஸ் பிடித்தால் பிடிக்கட்டும். எனக்கு இனி என்ன?

டெம்போவை டிரைவரிடம் கொடுத்து அனுப்பு. நீ வராதே.

சுலோச்சனா


திருத்தணி
2.8.1999

அக்காவுக்கு,

டெம்போ வரும். டிரைவர் வரமாட்டான். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் ஓட்டி வருகிறேன். இதில் உன் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

முன்வாசலில் கொட்டுவது மட்டும் வேண்டாம். கிருத்திகை நாளில் வருகிற அத்தனை பேரும் வெறுங்காலோடு வருவார்கள். கொட்டினால் குத்துவது டாக்டர் காலில் இல்லை, காவடி எடுத்து வந்தவன் காலில். இன்னொரு வீட்டில் இன்னொருத்தி வராந்தாவில் நிற்பாள். அது உனக்கு வேண்டாம் என்று எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதியிருக்கிறாய்.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. வந்த சரக்கு கெட்டுப்போயிருந்தால் தெருவில் எறியமாட்டோம். வந்த வண்டியிலேயே ஏற்றி, பகலில், நாலு பேர் பார்க்க, அனுப்பியவன் கடைக்கே கொண்டுபோவோம். அவன் எதிரிலேயே மூட்டையைப் பிரிப்போம். என் சரக்கில்லை என்று அவன் அதற்குப்பிறகு சொல்ல முடியாது. அதையே செய்வோம். ஊசி தனியாக, குப்பி தனியாக, குழாய் தனியாக, மூடி போட்ட தகர டப்பாவில். சில குப்பிகளில் ஆஸ்பத்திரியின் பேர் ஒட்டிய காகிதம் அழியாமல் இருப்பதை நானே பார்த்தேன். கோர்ட்டில் எப்படி நிரூபிப்பாய் என்று கேட்டாரே, மேசைமேல் வைத்துக் காட்டுவோம்.

தமயந்தியும் வருகிறேன் என்றாள். வேலை போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். "போனா போவுது. உங்க பாவா துரைக்கண்ணு அண்ணன் கொல்லையில நான் வெச்ச பொட்டுதானே முளைச்சிகினு கீது" என்றாள். காய் கொடுத்த கொல்லைக்காரர்களும் வருகிறார்கள். நகராட்சி சுகாதார அதிகாரிக்குக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டேன். அவர் வருவாரா என்பது நிச்சயமில்லை. வராவிட்டால் மறுநாள் அவர் மேசைக்கும் போவோம்.

அந்த வாசலில் விற்க எனக்கு இனி எதுவும் இல்லை. விற்க ஏதும் இல்லாதவனை மிரட்ட முடியாது என்பது இப்போதுதான் தெரிகிறது. இதைச் சில வாரம் முன்னால் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

டாக்டர் எதிரில் பிரித்த பிறகு என்ன கேட்பது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியை மூடு என்று கேட்பதா, இல்லை, வார்டுக்குத் தனி டப்பா வை, அடுப்பைத் திரும்பக் கொடு என்று கேட்பதா? நீ ஒன்று சொன்னாய். பாவா ஒன்று சொன்னார். இரண்டு பேர் பக்கமும் நிற்க எனக்கு ஆசை, முடியாது. நேற்று அந்த வார்டில் ஒரு கிழவர் பூரியைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி என்று நினைத்துக்கொண்டு. இதை உன்னை வளைக்க எழுதவில்லை. பார்த்ததால் எழுதினேன். அங்கே வாயைத் திறக்கப்போவது நீ. நான் மூட்டை இறக்குகிறவன்.

கொல்லை விஷயம் ஒரே நாளில் தீராது. சலித்துத்தான் எடுக்கவேண்டும், மேல்மண் மொத்தமும். ஒரு வருஷம் ஆகுமோ, இரண்டு ஆகுமோ. மண்டியை மதியத்தோடு சாத்திவிட்டு வருவேன்.

குழியில் நீ இறங்காதே. கெட்டித் தோல் பூட்ஸும் நீளக்கம்பு முள்வாரியும் கொண்டுவருகிறேன். நான் அள்ளுகிறேன்.

கிருத்திகைக்கு முதல் நாள் விடியற்காலை வருவேன், அன்று அள்ளிப் பிரித்துவிட்டு மறுநாள் கிளம்புவோம். வழியெல்லாம் நீ என்னோடு பேச வேண்டாம். டெம்போவில் முன்னால் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

தணிகாசலம்